நற்செய்திப் பணி: குழு உறுப்பினர்களின் கவனத்திற்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

நற்செய்தி அறிவிப்பவர் முதலில் பழக வேண்டியது பிறருக்குச் செவிகொடுப்பதே என்று உறுதியாக நம்புகிறேன். வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தை நெருங்கிய நற்செய்தியாளர் பிலிப்பு உடனே பிரசங்கிக்காமல், அவர் வாசிப்பது அவருக்கு விளங்குகிறதா என்று வினவி, அழைக்கப்பட்ட பின்னரே ஏறி அமர்ந்து, அவர் வாசித்த ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதியிலிருந்தே இயேசுவை அறிவித்தார். ஆகவே, அறிமுகமற்றோருக்கு வசனப் படங்களை மொத்தமாக அனுப்புவதைத் தவிர்த்து, ஏற்கெனவே பழகும் ஓரிருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்து, அவர்களுடைய கேள்விகளுக்கு 1 பேதுரு 3:15 கூறும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதிலளிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். துன்பப்படுவோருக்கு நாம் செய்யும் உதவிக்கு, நற்செய்தியை ஏற்பதை எந்த நிலையிலும் நிபந்தனையாக்கக் கூடாது. ஒருவர் அழைப்பை மறுத்தாலும் நட்பு தொடரட்டும். விசுவாசத்திற்கு வருவோரை வீட்டு ஜெபக்குழுக்களில் உடனே இணைத்துவிடுங்கள்.