புகார்: சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு வந்த எங்களுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டவை

அனுப்புநர்: நோயாளியின் கணவர், யாழ்ப்பாணம் (தற்போது வளசரவாக்கம், சென்னை)
பெறுநர்: மேலாளர், வெளிநாட்டு நோயாளர் சேவைப் பிரிவு, சென்னை

ஐயா,

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அவருடைய தங்கை ஒன்றைக் கொடுக்க முன்வந்தார். மருத்துவமனை ஏற்பாடு, பரிசோதனை, காகித வேலை, தங்குமிடம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் என்று உங்களிடம் முழுப் பணத்தையும் கட்டினோம். "பாஸ்போர்ட்டும் பழைய ரிப்போர்ட்டும் கொண்டு வாங்க அண்ணா, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று உங்கள் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

மிச்சம் என்னவென்று வந்த பிறகுதான் தெரிந்தது. அதையும் சொன்னது உங்கள் ஆள் இல்லை, மருத்துவமனையின் உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர். இந்தியக் குடும்பத்தில் கூடப்பிறந்தவர் சிறுநீரகம் கொடுத்தால் சட்டப்படி, உறுப்புமாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவரை போக வேண்டியதில்லை. வெளிநாட்டவர் என்றால் சொந்த அக்கா தங்கையே ஆனாலும் அந்தக் குழுவின் முன் அனுமதி வேண்டும். 1994ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டத்தில் 2011இல் கொண்டுவந்த திருத்தம் இது. குழுவுக்குப் போவதற்கு முன், இருவரின் உறவையும் உறுதி செய்து எங்கள் நாட்டுத் தூதரகம் 21ஆம் எண் படிவத்தில் சான்று தர வேண்டும். இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாதா?

ஸ்டெர்லிங் சாலையில் உள்ள எங்கள் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்புச் சான்றிதழ்களின் அசலைக் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அசல் எல்லாம் ஊரில், அலுமாரிக்குள். நகல் போதும் என்றது உங்கள் பட்டியல். கடைசியில் பலாலியிலிருந்து விமானத்தில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி, மீனம்பாக்கத்தில் போய் நின்று வாங்கினேன்.

தாமதம் என்றால் நாள் போனது மட்டுமில்லை. காத்திருந்த இடைவெளியில் என் மனைவிக்கு ஹீமோகுளோபின் இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ரத்தம் ஏற்றினால் உடலில் புதிய எதிர்ப்புப் பொருள் உருவாகலாம், அதனால் தங்கையின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த கிராஸ்மேட்ச் பரிசோதனை இனிச் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் தடவை பொருந்தியது என்று நிம்மதியாக இருந்தவர்கள், மறுபடியும் வயிற்றில் நெருப்போடு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். நல்லவேளை, பொருந்தியது. அந்தப் பரிசோதனைக்கு "பேக்கேஜில் சேராத கூடுதல் சோதனை" என்று 18,500 ரூபாய் பில் போட்டிருக்கிறீர்கள். உங்களால் வந்த செலவை எங்கள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் அந்த அறை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே நீங்கள் பிடித்துக் கொடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் பயந்துபோய்க் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாலு மணி நேரம் டயாலிசிஸில் கிடந்து, எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல் வந்தவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு நானும் மச்சாளும் பெட்டிகளை இறக்கினோம். உங்கள் அவசர எண்ணுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. இப்போது இருக்கும் இடம் நாங்களே தேடிக்கொண்டது.

"கோப்புச் செலவு" என்று ரொக்கமாக வாங்கிய 25,000 ரூபாய்க்கு இன்றுவரை ரசீது இல்லை. எந்த அலுவலகத்தில், எதற்காகக் கட்டினீர்கள் என்று எழுத்தில் வேண்டும். அரசுக் குழுவின் முன் உட்காரப்போகும் குடும்பத்தின் பெயரில் கணக்கில்லாத பணம் கைமாறியதாக இருக்கக் கூடாது.

ஆகவே, கிராஸ்மேட்ச் பில்லை ரத்து செய்து, தங்காத நாட்களின் அறை வாடகையைத் திருப்பித் தாருங்கள். குழுவின் நேர்காணல் முடியும்வரை பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். போனை எடுப்பவராக இருக்கட்டும். இலங்கையிலிருந்து அடுத்து வரும் குடும்பத்துக்கு 21ஆம் படிவத்தையும் அசல் சான்றிதழ்களையும் பற்றிப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பில்களின் நகலும் குரல்பதிவும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்