சாவிக்கொத்தில் தொங்கும் மல்டி டூல்: வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரிசளிக்க ஏற்ற சின்னப் பொருட்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பட்டியலில், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டி மல்டி டூலும், அதாவது கத்தி, கத்தரிக்கோல் என்று பல கருவிகள் மடிந்து அடங்கிய ஒற்றைக் கருவியும் இருந்தது, எல்லோரும் ஒன்று வைத்திருக்கலாம் என்ற ஒற்றை வரியோடு. அந்த 'எல்லோரும்' என்ற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பல வருடமாக அப்படி ஒன்று என் சாவியோடு கிடக்கிறது, நாளைக்குத் தொலைந்தால் மறுபடி வாங்குவேன், ஆனாலும் வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் பாதிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 வேலை செய்யும், 14 வேலை செய்யும் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், சாவி வளையமும் அதில் ஒரு வேலையாகச் சேர்ந்திருக்கும். உலகம் முழுக்கப் பரவிய, விக்டோரிநாக்ஸ் நிறுவனத்தின் கிளாசிக் எஸ்டி என்ற குட்டி மடக்குக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மடக்கினால் 58 மி.மீ நீளம், எடை சுமார் 21 கிராம், வேலைகள் 7 என்று நிறுவனமே சொல்கிறது. சின்னக் கத்தி, கத்தரிக்கோல், நக அரம், அரத்தின் முனையில் 2.5 மி.மீ ஸ்க்ரூ டிரைவர், முள் எடுக்கும் இடுக்கி, பல்குச்சி, அப்புறம் வளையம். கணக்கு சரிதான், பொய்யில்லை. ஆனால் இவற்றில் அடிக்கடி கை போவது கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் மட்டும்தான், முள் குத்தினால் இடுக்கிக்கு.

அதிலும் கத்தரிக்கோலுக்குத்தான் முதல் இடம் என்பேன். சட்டையில் தொங்கும் நூல், புதுத் துணியின் விலைச்சீட்டு, கிழிக்கவே முடியாதபடி ஒட்டிய பிளாஸ்டிக் உறை, பாதியாக வெட்ட வேண்டிய மாத்திரை அட்டை, ஓரம் பிய்ந்து நிற்கும் நகம் என்று ஒரு நாளில் எத்தனை வருகிறது பாருங்கள், இதற்கெல்லாம் கத்தியை எடுத்தால் ஒன்று எதையாவது அடியில் வைத்து அறுக்க வேண்டும், இல்லை விரலைப் பணயம் வைக்க வேண்டும். பொது இடத்தில் கத்தியை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், கத்தரிக்கோலை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று, இந்த அளவுக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு லாக் கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில்தான் விரிந்து நிற்கும், அதனால் முனையால் குத்தித் துளைக்கிற வேலைக்குப் போனால் மடங்கி விரலில் இறங்கும். லெதர்மேன் நிறுவனத்தின் மைக்ரா என்ற மாடலில் கத்தரிக்கோலே முதன்மைக் கருவி, இரண்டு கைப்பிடியையும் விரித்தால் நடுவில் அதுதான் நிற்கும், மற்றவை எல்லாம் கைப்பிடிக்குள் அடங்கியவை. எடை 50 கிராமை ஒட்டி வரும். அதைத் திட்டமிட்டவர்களுக்கு மக்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்பது புரிந்திருக்கிறது.

குறடு உள்ள மாடல்தான் பார்க்க வசீகரம். ஆளை மயக்குவதும் அதுதான். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது கார் மக்கர் செய்தது, தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது, பையில் மடக்குக் கத்தி இருந்தும் குறடு இல்லையே என்ற எரிச்சலில்தான் அவருடைய கருவி பிறந்தது. 1980ல் காப்புரிமை கிடைத்து, 1983ல்தான் விற்பனைக்கே வந்தது. ஆக, மல்டி டூல் என்ற பொருளின் உயிரே குறடுதான். கையடக்கமான அந்தக் கருவியைச் சாவிக்கொத்து அளவுக்குச் சுருக்கும்போது அதிகம் அடிபடுவதும் அதே குறடுதான் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. குறட்டின் பலம் கைப்பிடி நீளத்தில் இருக்கிறது. கைப்பிடி ஐந்தாறு செ.மீ என்றால் இரண்டு விரலால்தான் பிடிக்க முடியும், முழுக் கையின் பலமும் போய்ச் சேராது. வளைந்த ஊசியை நிமிர்த்தலாம், அறுந்த ஜிப்பின் தலையைப் பிடித்து இழுக்கலாம், மெல்லிய கம்பியை முறுக்கலாம். குழாயின் நட்டைத் திருப்ப நினைத்தால் நட்டு அப்படியே இருக்கும், கருவியின் இணைப்புதான் ஆட்டம் காணும். மின்சாரம் ஓடும் கம்பியில் இதை வைக்கவே கூடாது, மொத்தமும் வெறும் உலோகம். மின்வேலைக்கான காப்புறை போட்ட கருவி என்றால் ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரப்படி அதன் மேல் 1000 வோல்ட் என்ற குறி இருக்கும், சாவிக்கொத்துக் கருவி எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஸ்க்ரூ டிரைவர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். திருகும் விசை கைக்குள் அடங்கும் பிடியின் பருமனைப் பொறுத்தது, இதில் பிடி விரல் தடிமன்கூட இருக்காது. பள்ளத்துக்குள் இருக்கும் ஸ்க்ரூவைத் தொடவே முடியாது, கருவியின் உடம்பு இடிக்கும். பொம்மையின் பேட்டரி மூடி, தளர்ந்துபோன கைப்பிடியில் அரைச் சுற்று, அவ்வளவுக்கு ஓகே. இறுகிய ஸ்டார் ஸ்க்ரூவில் இதை வைத்து மல்லுக்கட்டினால் முனை வழுக்கி ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அதற்குப் பிறகு சரியான டிரைவரைக் கொண்டுவந்தாலும் கழற்றுவது பெரும்பாடு.

அடுத்தது, நீங்கள் தினமும் எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பது. உங்கள் பட்டியல் இதைத் தொடவே இல்லை, வாங்கலாமா வேண்டாமா என்பதைப் பல பேருக்கு முடிவு செய்வது இதுதான். விமான நிலையங்களை எடுத்தால் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் விமானத்துக்குள் கையோடு கத்தி கொண்டு போகக் கூடாது, எவ்வளவு குட்டியாக இருந்தாலும் சரி. 2013ல் 6 செ.மீக்கு உட்பட்ட சின்னக் கத்திகளை அனுமதிக்கலாம் என்று அங்கே விமான நிலையச் சோதனையைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிஎஸ்ஏ அறிவித்தது, விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், சில மாதங்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய விதியில் 6 செ.மீக்கு மேற்பட்ட கத்திகளுக்குத்தான் தடை. ஒரே சாவிக்கொத்து போகும்போது கேள்வியில்லாமல் போய், திரும்பும்போது குப்பைத் தொட்டிக்குள் விழலாம். விமானம் ஏறாதவர்களுக்கும் நீதிமன்றம், அரசு அலுவலகம், விளையாட்டு மைதானம் என்று சோதனை வாசல்கள் உண்டு, அங்கே நிற்கிற காவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யப் போவதில்லை. லாக் இருப்பதும் சில இடங்களில் சட்டப் பிரச்சினை. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேல் போகாத, லாக் ஆகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம், லாக் ஆகும் கத்தி என்றால் அளவு எதுவானாலும் தகுந்த காரணம் வேண்டும். தினமும் சோதனையைத் தாண்டுகிறவர் ஒன்று கத்தியே இல்லாத மாடலைப் பார்க்கலாம், விக்டோரிநாக்ஸின் ஜெட்செட்டர் அப்படிப்பட்டதுதான், இல்லை என்றால் ஆசையை விட்டுவிடலாம்.

எடை விஷயம் ஒன்று. 21 கிராம் தொங்குவது தெரியாது, 60 கிராமைத் தாண்டினால் சட்டைப் பையிலும் கால் பக்கத்திலும் தெரியும். காரை இன்னும் சாவி போட்டுத் திருகித்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது, சரி செய்யும் வரை வளையத்தில் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னது. கோளாறு சுவிட்சில்தான், சாவிக்கொத்தின் எடை அதைத் தூண்டிவிட்டது. உங்கள் கார் நன்றாகவே இருக்கலாம், இருந்தாலும் கருவியைக் கழற்றி மாட்டும் தனிக் கொக்கியில் வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? சோதனை வாசலிலும் அது கை கொடுக்கும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியையும் கட்டைவிரல் நகத்தால் இழுத்துப் பாருங்கள், நகம் மடங்கும் அளவுக்கு இறுக்கம் என்றால் பிறகு அதைத் திறக்கவே மாட்டீர்கள். கத்தரிக்கோலால் மெல்லிய தாளை நுனி வரை வெட்டிப் பாருங்கள், நடுவில் வெட்டி நுனியில் மென்று தள்ளினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வளையம் மாட்டும் காது எவ்வளவு மெல்லிசு என்று பாருங்கள், பலவற்றில் முதலில் போவது அதுதான், கருவியோடு சாவியும் போகும். துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருந்தாலும் வியர்வையும் பையின் பஞ்சும் மூட்டில் சேர்ந்தால் கறை பிடிக்கத்தான் செய்யும், எப்போதாவது கழுவித் துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தகட்டில் நாலு ஓட்டை போட்டு 'ஸ்பேனர்' என்று விற்கிறார்களே, அது பரிசு கொடுப்பவருக்கு மட்டும் பயன்படும்.

யாருக்கு வேண்டாம்? கையெட்டும் தூரத்தில் மேஜை டிராயரும் அதில் முழு அளவுக் கத்தரிக்கோலும் உள்ளவருக்கு இது தேவையே இல்லை. வீட்டில் ரிப்பேர் வேலை செய்ய ஆசைப்படுகிறவர் இந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கட்டும், ஆசையும் தீரும், ஸ்க்ரூவும் பிழைக்கும். வேண்டும் என்று நான் சொல்வது, நாள் முழுக்க வெளியே அலைகிறவர்களுக்கு, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு, அப்புறம் பார்சல் டேப்பை வீட்டுச் சாவியால் கிழித்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு. அவர்களும் கத்தரிக்கோல் உள்ளதாக, 60 கிராமுக்குக் குறைவானதாகப் பார்த்து எடுத்தால் போதும்.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை கிராம், கத்தி இருக்கிறதா, லாக் ஆகுமா, கத்தரிக்கோல் எப்படி வெட்டுகிறது என்ற நாலு விவரத்தையாவது சேர்த்துப் போடுங்கள். படத்தைச் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்