டிசம்பர் ட்ரிப் பத்தி நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணா, அக்கா, சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கத்துல அந்த குறுகலான மாடிப்படி ஏறி வந்து, டீ குடிச்சிட்டே டிக்கெட் போட்டுட்டுப் போறவங்களுக்கு நான் என்னை அறிமுகம் பண்ணிக்க வேண்டியதில்ல. 16 வருஷமா இதே ஆபீஸ், இதே போன் நம்பர். காசி, ராமேஸ்வரத்துல ஆரம்பிச்சு வெளிநாடு வரைக்கும் உங்க வீட்டு பாட்டி, பேரன், சம்பந்தி எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருக்கோம். இத்தனை நாள்ல இப்படி உக்காந்து மடல் எழுதற நிலைமை வந்ததே இல்ல. இப்ப வந்துடுச்சு, ஏன்னா டிசம்பர் ட்ரிப் பத்தி ஒரு மெசேஜ் ராமமூர்த்தி நகர்லேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் அப்பார்ட்மென்ட் குரூப் குரூப்பா சுத்திட்டு இருக்கு. போன வாரம் என் சொந்தத் தங்கச்சிக்கே வந்து, "அண்ணா, இது நம்ம ஆபீஸ பத்தியா"ன்னு கேட்டா.

விஷயம் தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். டிசம்பர் லீவுக்கு 11 குடும்பம், மொத்தம் 38 பேர், ஒரு வெளிநாட்டு தீம் பார்க்குக்குப் போனோம். எந்த பார்க்குன்னு இங்க எழுதல, அவங்க மேல பழி போடறதுக்கு இந்த மடல் இல்ல. அங்க ஒரு புது ஏரியா வருது, வருஷக் கடைசிக்குள்ள திறப்போம்னு அவங்களே சொல்லியிருந்தாங்க, நாங்க ஏப்ரல்ல அடிச்ச நோட்டீஸ்ல அதையே போட்டோம், முன் பக்கத்துல படத்தையும் போட்டோம். நவம்பர்ல தேதி தள்ளிப் போச்சு. போய் இறங்கினா அந்த ஏரியாவ சுத்தி ரெண்டு ஆள் உயரத்துக்கு பலகை அடைச்சு வெச்சிருந்தாங்க. மத்த ரைடு எல்லாம் ஓடுச்சு, ரூம், சாப்பாடு எதுலயும் குறை வரல, ஆனா பிள்ளைங்க எதுக்காக நாள் எண்ணிட்டு இருந்தாங்களோ அது மட்டும் இல்ல.

நானும் கூடத்தான் போயிருந்தேன். நம்ம கூட்டத்துல ஒரு ஏழு வயசுப் பொண்ணு, பாட்டி தைச்சுக் குடுத்த ஜிகினா கவுன் போட்டுட்டு, ரெண்டு பலகைக்கு நடுவுல விரல் நுழையற சந்துல கண்ண வெச்சுட்டு நின்னா. கூப்பிட்டா வரல. குனிஞ்சு, "என்னம்மா தெரியுது"ன்னு கேட்டேன். "அங்கிள், ஒருத்தர் பாறைக்கு பாசி வரையறாரு"ன்னா. நானும் பாத்தேன். சாரத்து மேல ஒரு ஆள் நின்னுட்டு, சிமெண்ட் பாறையில ஸ்பான்ஜால பச்சை கலர ஒத்தி ஒத்தி எடுத்துட்டு இருந்தாரு. ஒத்தறது, கொஞ்சம் தள்ளிப் போய் பாக்கறது, துணியால பாதிய தொடச்சிடறது, மறுபடி ஒத்தறது. உள்ளங்கை அளவு இடத்துக்கே அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பாறை மூணு மாடி உயரம்.

கிடைக்கலையேன்னு நீங்க வருத்தப்பட்டது நியாயம், கோவப்பட்டதும் நியாயம். எனக்கு தாங்க முடியாம போனது அந்த மெசேஜ்ல இருந்த ஒரே ஒரு வரிதான், "இவங்களுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சே மறைச்சு வித்தாங்க"ன்னு. அதுக்குக் கீழ இன்னொருத்தர், "ஒரு ரைடு கட்ட எதுக்கு அஞ்சு வருஷம், நம்ம ஊர்ல முழு மாலையே ரெண்டு வருஷத்துல எழுப்பிடறாங்க, ஏஜென்ட் கதை விடறான்"னு போட்டிருக்காரு. இதுக்கு பதில் சொல்லாம இருந்தா எனக்கு தூக்கம் வராது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

முதல்ல நடந்தத பாருங்க, எல்லாம் திறந்து முடிஞ்ச இடங்கதான். டோக்கியோ டிஸ்னிசீல ஃபேன்டசி ஸ்ப்ரிங்ஸ்னு ஒரு ஏரியா, 2018 ஜூன்ல அறிவிச்சாங்க, 2024 ஜூன் 6ந்தேதி திறந்துச்சு. ஆறு வருஷம். செலவு ஏறக்குறைய 32,000 கோடி யென், அதுல நாலு ரைடு, ஒரு ஹோட்டல். நேரத்துக்கு பேர் போன ஜப்பான்லயே சொன்ன தேதி தள்ளித்தான் போச்சு. ஹாங்காங் டிஸ்னிலேண்ட்ல 2016 நவம்பர்ல விரிவாக்கத் திட்டத்த சொன்னாங்க, அதுல வந்த ஃப்ரோசன் பட ஏரியா 2023 நவம்பர்லதான் திறந்துச்சு. நம்மள்ல நிறைய பேர் போற சிங்கப்பூர் யுனிவர்சல்ல மினியன் லேண்ட் 2019ல சொன்னது, 2025 பிப்ரவரி 14க்கு வந்துச்சு, அதுக்காக அங்க இருந்த மடகாஸ்கர் ஏரியாவையே மூடிட்டாங்க. ஃப்ளோரிடா டிஸ்னியில அவதார் படத்த வெச்சு கட்டின பண்டோரா ஏரியா 2011 செப்டம்பர்ல அறிவிச்சு 2017 மே மாசம் திறந்தாங்க, அதுல வேலை ஆரம்பிச்சதே 2014 ஜனவரியிலதான், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு மேல வெறும் யோசனை, வரைபடம், மாடல்.

நடுவுல கொரோனா வந்துச்சே, அதனாலதானேன்னு கேப்பீங்க. பாதி அப்படித்தான். ஆனா பண்டோரா முடிஞ்சப்ப கொரோனாவே வரலையே. டிஸ்னியோட ஸ்டார் வார்ஸ் பட ஏரியா கூட 2015 ஆகஸ்ட்ல சொல்லி, 2016 ஏப்ரல்ல தோண்ட ஆரம்பிச்சு, கலிஃபோர்னியாவுல 2019 மே 31க்கு திறந்தாங்க, அன்னிக்கு அங்க ஓடினது ஒரே ஒரு ரைடுதான், அந்த இடத்துக்கே பேர் வாங்கிக் குடுத்த ரெண்டாவது ரைடு அங்க 2020 ஜனவரியிலதான் வந்துச்சு. இன்னொன்னு சொன்னா ஆச்சரியப்படுவீங்க. ட்ரான்னு ஒரு பைக் மாதிரி ரோலர் கோஸ்டர், ஷாங்காய்ல 2016லயே ஓடுது. அதே ரைடதான் ஃப்ளோரிடாவுல கட்டறோம்னு 2017 ஜூலையில சொன்னாங்க. வரைபடம் கையில இருக்கு, ஏற்கனவே கட்டின அனுபவம் இருக்கு, அப்பவும் 2023 ஏப்ரல் ஆயிடுச்சு.

மாலோட ஒப்பிட்டாரே, அவருக்கு நான் நம்ம ஊர்லேர்ந்தே சொல்றேன். யெல்லோ லைன் மெட்ரோ ஞாபகம் இருக்கா, ஆர்வி ரோடுலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் தூணு, ஸ்டேஷன், தண்டவாளம் எல்லாம் ரெடியா நின்னுச்சு, ஓட ட்ரெயின் வரல, 2025 ஆகஸ்ட்ல திறந்தப்ப கூட மூணே மூணு ட்ரெயினோடதான் திறந்தாங்க. தீம் பார்க்குலயும் இதே கதைதான். பெரிய ரைடு செய்யற கம்பெனிங்க உலகத்துலயே கொஞ்சம்தான், ஸ்விட்சர்லாந்துல, நெதர்லாந்துல, ஜெர்மனியில. எல்லா நாட்டு பார்க்கும் அங்கதான் வரிசையில நிக்கணும். அங்கேர்ந்து கப்பல்ல தண்டவாளம் வரணும், வண்டி வரணும்.

மால் கட்டறவங்களுக்கு காலி சைட் கிடைக்குது. இங்க அப்படி இல்ல, பக்கத்துலயே தினமும் ஆயிரக்கணக்கான ஜனம் டிக்கெட் வாங்கிட்டு நடந்துட்டு இருக்காங்க. நாம வீட்ட காலி பண்ணாம மேல ஒரு மாடி எழுப்பினா எப்படி இருக்கும்னு யோசிங்க, கீழ மாமியார் சமைச்சிட்டு இருப்பாங்க, மேல கம்பி வெட்டுவாங்க. ஜனத்துக்கு பக்கத்துல செய்யற வேலையெல்லாம் பார்க் மூடின அப்புறம் ராத்திரிதான் செய்ய முடியும். டோக்கியோ பார்க், ஹாங்காங் பார்க் ரெண்டும் கடல தூர்த்த நிலம், அங்க அஸ்திவாரம் நம்ம ஊரு பாறை மேல போடற மாதிரி சுலபம் இல்ல. காங்க்ரீட் முழு பலம் வர்றதுக்கு 28 நாள்னு நம்ம மேஸ்திரிகளுக்கே தெரியும்.

கட்டி முடிச்சதும் ஜனத்த ஏத்த மாட்டாங்க. சீட்டுல தண்ணி நிரப்பின பொம்மைங்கள உக்கார வெச்சு, மறுபடி மறுபடி ஓட்டிப் பாப்பாங்க. நாங்க போனப்ப பலகைக்கு மேல அது தெரிஞ்சுச்சு, சாயங்காலம் லைட் போட்டாச்சு, மனுஷ உருவத்துல உக்காந்திருக்கு, ஒரு கத்தல் இல்ல, ஒரு கை மேல தூக்கல, சத்தமே இல்லாம ஒரு வண்டி சுத்தி சுத்தி வருது. நம்ம பையன் ஒருத்தன் எண்ணினான், நாங்க நின்ன நேரத்துக்குள்ள 14 தடவை. நடுவுல நிறுத்தி, ஆளுங்கள எப்படி கீழ இறக்கறதுன்னு வேற பழகணும். அந்த கட்டத்துல ஒரு சின்ன சென்சார் தகராறு பண்ணினாலும் தேதி தள்ளிப் போகும், போகவும் வேணும். நம்ம பிள்ளைங்க ஏறப் போற வண்டி அது.

டிஸ்னிலேண்டையே ஒரே வருஷத்துல கட்டினாங்களேன்னு ஒரு சார் கேட்டிருந்தாரு. உண்மைதான், 1954 ஜூலையில ஆரம்பிச்சு 1955 ஜூலை 17க்கு திறந்தாங்க. ஆனா அது ஆரஞ்சு தோட்டமா இருந்த இடம், சுத்தி யாரும் இல்ல. திறந்த அன்னிக்கு புதுசா போட்ட தார் இறுகாம பொம்பளைங்களோட ஹீல்ஸ் செருப்பு உள்ள இறங்கிச்சு, பிளம்பர் ஸ்ட்ரைக்னால குடி தண்ணி குழாய் பல இடத்துல வரல. இன்னிக்கு அப்படி திறந்தா நாமளே சும்மா விடுவோமா? நம்ம சென்னை வொண்டர்லா தீம் பார்க்க பாருங்க, நிலம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, வரி விஷயத்துலயே இழுத்துட்டு இருந்துச்சு, 2025 டிசம்பர்லதான் திறந்தாங்க, பெங்களூர் பக்கத்துல பிடதியில அவங்க பார்க் 2005லயே நமக்கு வந்துடுச்சு.

அப்புறம் அந்த "வருஷக் கடைசிக்குள்ள"ங்கற வார்த்தை. பார்க் காரங்க பல சமயம் முதல்ல தேதி குடுக்க மாட்டாங்க, ஒரு சீசன்தான் குடுப்பாங்க. ஜப்பான்ல ஒசாகா யுனிவர்சல்ல டாங்கி காங் ஏரியா 2024 வசந்த காலம்னு சொன்னாங்க, டிசம்பர்ல வந்துச்சு. அத வெச்சு நாங்க மறைச்சோம்னு சொன்னா எப்படி? எங்களுக்கு தேதி மாறின மெயில் நவம்பர்ல வந்துச்சு, பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன், யார் வேணா வந்து பாக்கலாம். உங்களுக்கு மெசேஜ் போடறதுக்குள்ள ஏர்லைன்ஸ், ஹோட்டல்னு பேசிட்டு இருந்ததுல ஆறு நாள் ஆயிடுச்சு, பாக்கி பணம் கட்டற நாளும் அதுக்குள்ளயே வந்துடுச்சு. ஆனா மறைக்கணும்னு ஒரு நிமிஷம் கூட நினைக்கல, அத என் அம்மா மேல சத்தியமா சொல்வேன்.

தப்பு எங்க மேல எங்க இருக்குன்னா, அந்தப் படம். கட்டி முடிக்காத இடத்தோட கம்ப்யூட்டர் படத்த முன் பக்கத்துல அவ்ளோ பெருசா போட்டிருக்கக் கூடாது. பிள்ளைங்க அத வெட்டி ஸ்கூல் நோட்டுல ஒட்டி வெச்சிருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு மனசார மன்னிப்பு கேக்கறேன். இனிமே திறந்து ஆறு மாசம் ஓடின ஏரியாவ மட்டும்தான் நோட்டீஸ்ல போடுவோம்.

ஒன்பது வருஷமா உங்க போன எல்லாம் எடுத்துப் பேசின பொண்ணு ஜனவரியோட நின்னுட்டாங்க. பாஸ்போர்ட் நம்பர மனப்பாடமா சொல்ற பொண்ணு. ராத்திரி 11 மணிக்கு யாரோ கூப்பிட்டு "நீதானே பொய் சொன்னே"ன்னு கேட்டிருக்காங்க. அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லல, மேஜைய தொடச்சு வெச்சுட்டு சாவிய குடுத்துட்டுப் போயிட்டாங்க. கோவம் இருந்தா என்னை கூப்பிடுங்க, திட்டுங்க, கேட்டுக்கறேன். சம்பளத்துக்கு வேலை செய்யறவங்கள வேண்டாம். இப்ப நானும் என் வீட்டுக்காரியும்தான் போன் எடுக்கறோம், அதனால காலைல 10 மணிக்கு மேல கூப்பிடுங்க, லைன் கிடைக்கலன்னா திரும்ப நாங்களே கூப்பிடுவோம். டாலர் ஏறினதால வெளிநாட்டு ட்ரிப்புக்கு சர்வீஸ் சார்ஜ் ஏப்ரல்லேர்ந்து தலைக்கு 900 ரூபா கூடுது.

அந்த 11 குடும்பத்துல ஏழு குடும்பம் திரும்பி வந்தப்புறம் நேர்ல ஆபீஸுக்கே வந்தாங்க. சண்டை போடத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன், ஒரு அக்கா டப்பாவுல சுண்டல் கொண்டு வந்தாங்க. காக்ஸ் டவுன்லேர்ந்து வர்ற ரிட்டயர்ட் டீச்சரம்மா அந்த குரூப்லயே, "நான் இவங்ககூட நாலு தடவை போயிருக்கேன், ஒரு ரூபா கணக்கு தப்பினதில்ல"ன்னு எழுதினாங்களாம். அம்மா, அந்த ஒரு வரிய என் வீட்டுக்காரி படிச்சுக் காட்டினப்ப எனக்கு பேச்சே வரல. 16 வருஷம் இந்த மாடிப்படி ஏறினவங்க எல்லாருக்கும் என் நன்றி, உங்க கால் தேஞ்ச படி அது.

டிசம்பர்ல வந்த 38 பேருக்கும் அடுத்த எந்த ட்ரிப்பா இருந்தாலும் எங்க சர்வீஸ் சார்ஜ் கிடையாது, எப்ப வேணா வாங்க, ரசீது கூட வேண்டாம், பேரு எங்க நோட்டுல இருக்கு.

பாசி வரையறத பாத்த பொண்ணோட அம்மா போன வாரம் கூப்பிட்டாங்க. "அண்ணா, இவ தினமும் கேக்கறா, அந்தப் பாறை எப்ப முடியும்?" நான் மாசம் சொல்லல. திறந்து ஜனம் ஏற ஆரம்பிச்ச அன்னிக்கு நானே கூப்பிடறேன்னு சொல்லி, அவங்க நம்பர ஆபீஸ் காலண்டர் மேல எழுதி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க அல்சூர் ஆபீஸ்லேர்ந்து