இதயத் துடிப்புக் கோளாறையும் பக்கவாதத்தையும் முன்கூட்டியே கண்டறியும் திட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் யாருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக மாறக்கூடும், அவர்களுள் யாருக்குப் பக்கவாதம் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணித்து, அவர்கள் வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் ஒன்றை எங்கள் குழு தொடங்க உள்ளது. மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் இக்குழுவில் இருக்கிறோம். தங்கள் பொருளுதவியை வேண்டியே இதை எழுதுகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் தாயார் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் இருந்தபோது, ஓர் இரவு அவருடைய நாடி தாறுமாறாக ஓடியது. பணியில் இருந்த செவிலியர் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து மீண்டும் எண்ணினார். மார்பில் கேட்ட துடிப்புகளில் பல மணிக்கட்டை எட்டவே இல்லை. உடனே ஈசிஜி எடுக்கப்பட்டது. விடிவதற்குள் துடிப்பு தானாகவே சீரானது. அந்த ஈசிஜி தாள் நான்காக மடிக்கப்பட்டு கேஸ் ஷீட்டின் பின்பக்கம் செருகப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் நிமோனியா மட்டுமே இடம்பெற்றது. சில மாதங்களில் அந்த அம்மையாருக்கு வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் செவிலியர் தம் வேலையைச் செம்மையாகவே செய்தார்; அவர் கண்டதை அடுத்து கவனிக்க வேண்டியவரிடம் கொண்டு சேர்க்க அங்கே ஏற்பாடு இல்லை.

அந்த இரவு நிகழ்ந்ததற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை ஒழுங்கற்ற மின்தூண்டல்கள் எழுவதால், அவை முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. நகராத இரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம் இப்படி உருவாகும் இரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது, இடது மேலறையை ஒட்டிக் காது மடல் போலத் தொங்கும் சிறு பை ஒன்றில்தான் உருவாகின்றன. அங்கிருந்து பெயர்ந்த கட்டி மூளையின் இரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதல் என்பது பல்லாண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்தது. ஆனால் பலருக்குப் படபடப்புக்கூடத் தெரிவதில்லை. கோளாறும் வந்து வந்து போகும். வழக்கமான ஈசிஜியோ பத்து வினாடிகளை மட்டுமே பதிவு செய்கிறது.

நீண்ட நேரம் கவனித்தால் என்ன தெரியவரும் என்பதை 2014இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் புலப்படாத பக்கவாதம் வந்தவர்களை உடலில் அணிந்தபடியே ஈசிஜியைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியால் 24 மணி நேரம் கவனித்தபோது 3.2 விழுக்காட்டினரிடம் மட்டுமே இக்கோளாறு தென்பட்டது. 30 நாள் கவனித்தபோது 16.1 விழுக்காட்டினரிடம் தென்பட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர்களிடமும் இதற்கான வாய்ப்பு அதிகம். கடும் நோய்த்தொற்றும் தைராய்டு மிகைச்சுரப்பும் இதைத் தூண்டிவிடும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு 20 முதல் 40 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இது தலைகாட்டுகிறது.

2019இல் அமெரிக்க மருத்துவர்கள், ஏறத்தாழ 1,80,000 நோயாளிகளின் ஈசிஜி பதிவுகளைக் கொண்டு, பார்வைக்குச் சீராகத் தோன்றும் ஈசிஜியிலிருந்தே இக்கோளாறு உள்ளவரை இனங்காணக் கணினிக்குப் பயிற்றுவித்தார்கள். அது சொன்னதில் ஐந்தில் நான்கு சரியாக இருந்தது. மிச்சமுள்ள ஒன்றை நாங்கள் மறக்கவில்லை. கணினி சுட்டிக்காட்டுவது யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான். யாருக்கு இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

கோளாறு உறுதியானபின் பக்கவாத அபாயத்தைக் கணக்கிட சாட்ஸ்-வாஸ்க் என்னும் மதிப்பெண் முறை இருக்கிறது. இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, 65 வயதுக்கு ஒன்று, 75 ஆகிவிட்டால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு என்று கூட்டுவார்கள். பெண் என்பதற்காகக் கூட்டப்பட்ட ஒரு புள்ளியை 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் கைவிட்டது. அதன்படி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள 76 வயதுக்காரருக்கு மதிப்பெண் நான்கு. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை அவருக்குப் பரிந்துரைக்கப்படும். அம்மாத்திரையை முறையாக உட்கொண்டால் பக்கவாதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கலாம். பலர் நினைப்பதுபோல ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

எதிர்வாதத்தையும் மறைக்க விரும்பவில்லை. டென்மார்க்கில் 70 வயதைக் கடந்தவர்களின் மார்பில் சிறு கருவியைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. கருவி பொருத்தப்படாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு பேரிடம் கோளாறு கண்டறியப்பட்டது, மாத்திரை உட்கொண்டவர்களும் பெருகினார்கள். ஆனால் பக்கவாதம் நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. மாத்திரையால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. ஆகவேதான் எல்லோரையும் சலித்தெடுக்கும் திட்டமாக இதை நாங்கள் வகுக்கவில்லை. அபாயம் மிகுந்தவர்களை முதலில் கணித்து, அவர்களை மட்டும் நெடுநேரம் கவனிப்பதே எங்கள் வழி.

தாங்கள் தரும் தொகையில் பெரும்பகுதி கருவிகளுக்குச் செல்லாது என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். அது இரண்டு முழுநேரச் செவிலியர்களின் ஊதியத்துக்கு. அபாயம் மிகுந்தவர் என்று கணிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் டிஸ்சார்ஜ் நாளில் நேரில் சந்திப்பதும், பத்தாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தொலைபேசியில் அழைத்து மாத்திரை, நாடி, இரத்தக்கசிவு பற்றிக் கேட்பதும், பதில் சரியில்லை என்றால் இதய மருத்துவரிடம் நாள் வாங்கித் தருவதும் அவர்கள் வேலை. எஞ்சியதில் 14 நாள் மார்பில் ஒட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பேட்ச் மானிட்டர்களும், தாளில் அச்சிடுவதோடு நில்லாமல் பதிவைச் சேமித்தும் வைக்கும் ஈசிஜி கருவிகளும் வாங்கப்படும். கணிப்பு மென்பொருளுக்குச் சிறு பங்கே போதும். கட்டடத்துக்கோ விழாவுக்கோ கல்வெட்டுக்கோ ஒரு காசும் செலவாகாது.

நோயாளிகளிடம் கட்டணம் பெறப்படாது. எழுத்துமூலமாக ஒப்புதல் தந்தவர்களின் பதிவுகள் மட்டுமே, பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பிறகு, கணினிக்குத் தரப்படும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கோடு, கணிப்பு எத்தனை பேரிடம் பலித்தது, எத்தனை பேரைத் தவறவிட்டது என்ற கணக்கையும் நன்கொடையாளர்கள் அனைவருக்கும் அனுப்புவோம்.

நன்கொடைகள் குழுவின் பெயரில் உள்ள தனி வங்கிக் கணக்கில் காசோலையாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ மட்டுமே பெறப்படும். ரொக்கம் பெறுவதற்கு யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை. ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் கையொப்பமிட்ட ரசீது வழங்கப்படும். ஒரே தவணையில் தர இயலாதவர்கள் மாதந்தோறும் சிறு தொகை தரலாம். ஊதியம் மாதந்தோறும் தரவேண்டியது என்பதால் அத்தகைய நன்கொடையே எங்களுக்கு மிகவும் உதவும்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர்