பாசி விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெண் தொழில்முனைவோர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வளரும் நாடுகள், நீடித்த வளர்ச்சி என்று உலகமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் கடற்கரைக்கும் வந்திருக்கிறார் கட்டுரையாளர். பயிற்சி கொடுத்தால் ராமநாதபுரம் மீனவப் பெண்களும் கடலைக் கெடுக்காமல் பிழைக்கப் பழகிக்கொள்வார்களாம். பெரிய மனசு!

என் அம்மா காலத்திலிருந்து கடற்பாசி எடுக்கிறோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு எடுக்கும் தொழில். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு போட்டது இங்குள்ள பெண்கள்தான். சுரண்டுகிற தகடு கூடாது என்று விட்டதும் நாங்கள்தான். எந்தப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்களைப் போலவே பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தந்த விருது எதற்காகக் கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியாததா?

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின; அங்கே பாசி எடுக்கத் தடை வந்தது. அதன்பிறகு அம்மாவும் திருடி, நானும் திருடி. எடுத்த பாசியைச் சாக்கோடு பிடுங்கிக்கொண்டு, எங்களை வெயிலில் உட்கார வைத்தவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் பாசி, அதே தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்ததே, அப்போது யாரை உட்கார வைத்தார்கள்?

கடனுக்குப் போனால் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். கடலுக்குப் பட்டா எந்தத் தாலுகா ஆபீசில் தருகிறார்கள் என்று அந்த மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார், கடன் தரவில்லை. எங்கள் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது. ஆனால் எங்களுக்கு இன்றைக்கும் வியாபாரி கொடுத்த முன்பணம்தான் கதி. அது கழிகிற வரைக்கும் அவர் சொன்னதுதான் விலை. ஈரம் என்று ஒரு கழிவு, மண் என்று ஒரு கழிவு. நாலு நாள் காயவைத்து உதறிய பாசியில் ஈரம் எங்கிருந்து வந்ததோ! மதுரையில் பாசியிலிருந்து அகர் என்கிற கூழ்ப்பொருள் எடுக்கிற ஆலைக்கு அவர் என்ன விலைக்குப் போடுகிறார் என்று கேட்டால், உனக்கு எதற்கு அதெல்லாம் என்கிறார்.

கட்டுரையாளர் மன்னிப்பு கேட்க வேண்டாம். உங்கள் சந்தை நிலவரத்தில் தினமும் மதுரை மல்லிகை விலை வருகிறது. அதற்குக் கீழே, அகர் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி காய்ந்தது கிலோ என்ன விலை என்று வாரம் ஒருமுறையாவது போடுங்கள். மதுரையில் உங்களுக்கு நிருபர் இருக்கிறார், ஒரு போன் செலவு.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் வாசகி,
பாம்பன்.