ஊருக்குப் போகும் மாதத்தின் சம்பளம்

ராயபுரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் மாடிப்படி ஏறுகிறாய் என்பதைப் படித்து நிம்மதியடைந்தேன். இங்கே அனைவரும் நலம். மற்றச் செய்திகள் அடுத்த கடிதத்துக்கு இருக்கட்டும். உன் மகன் குடும்பம் ஏப்ரல் கடைசியில் புறப்படுவதால், நீ கேட்டதற்கு விடை சொல்வதுதான் இப்போது அவசரம்.

பெரம்பூர் வீட்டில் உன் பேரனைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு, அவர்கள் ஜெர்மனியில் இருக்கும் ஆறு வாரத்துக்கும் என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறாய். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் எதற்கு என்கிறான் உன் மகன். பாதி கொடுக்கலாம் என்கிறாள் மருமகள். முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காரணங்களை எழுதுகிறேன், அவர்களுக்கும் படித்துக் காட்டு.

பாதி என்ற கணக்கு நம் இருவருக்கும் புதிதன்று. நம் அப்பாக்கள் பெரம்பூர் பி அண்டு சி துணி மில்லில் வேலை பார்த்த காலத்தில், மின்வெட்டு வந்தாலோ, பஞ்சு வரத்து நின்றாலோ லே-ஆஃப், அதாவது தற்காலிகமாக வேலை இல்லை, என்று அறிவித்துவிட்டுப் பாதிச் சம்பளம் தருவார்கள். 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஏற்பாடு அது. வேலைக்குத் தயாராக வந்து நிற்கும் தொழிலாளிக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், இழப்பு முழுவதையும் தொழிலாளி மீது ஏற்றக்கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் அங்கே மின்சாரம் நின்றதற்கு இரு தரப்பும் பொறுப்பில்லை. தறி ஓடாததால் மில்லுக்கும் நட்டம். அதனால் பாதியோடு நின்றது. உன் மகன் போகும் பயணமோ அவனே விரும்பி, பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டு, டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் செலவழித்துப் போகும் பயணம். போகட்டும், குழந்தைக்கும் நல்லது. அந்த அம்மா வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டைப் பூட்டுவது நாம். ஆக, மில்லில் பாதி நியாயம் என்றால், இங்கே முழுவதும்தான் நியாயம்.

அவர் காசிமேட்டிலிருந்து வருகிறார் என்றும், கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார் என்றும் முன்பொரு முறை எழுதியிருந்தாய். உன் மகன் யோசிக்காமல் விட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான ஏற்பாடு என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் பங்குதான். படகு கரையில் நின்றால் பங்கும் இல்லை. அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாள் கணக்கில் பிரித்தால் 131 ரூபாய். அதுவும் தடை தொடங்கிய அன்றே கைக்கு வந்துவிடுவதில்லை. பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டி நாம் ஊருக்குப் போகும் அதே வாரங்களில் அந்த வீட்டில் கணவரின் வருமானம் நின்றுபோயிருக்கும். மனைவியின் சம்பளமும் நின்றால், வீட்டு வாடகைக்கும் வாராவாரம் கட்ட வேண்டிய குழுக் கடனுக்கும் தண்டல்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர்கள் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஜூன் மாதம் உன் மகன் திரும்பி வந்து தரும் சம்பளம் அந்தக் கடனுக்கே போய்விடும். இதே தெருக்களில் வாழ்ந்துகொண்டு இதைப் பார்க்காதவள் போல என்னால் எழுத முடியாது.

அந்த ஆறு வாரத்துக்கு வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டுமே என்று உன் மகன் சொல்லக்கூடும். ஆறு வாரத்துக்கு மட்டும் என்று குழந்தையை ஒப்படைப்பவர்கள் அரிது. நிரந்தரமாக ஒரு வீடு கிடைத்துவிட்டால் அவர் அங்கேயே தங்கிவிடுவார். அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது. பிறகு உன் பேரன் புது முகத்துக்குப் பழக எத்தனை நாள் அழுவான் என்பதை உன் மருமகளிடம் கேள். திரும்பி வரும்போது அவர் நமக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, சம்பளம் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தாய். 2007 முதல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கட்டாயம் விசாரி. வீட்டுப் பணியாளருக்கும் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும் என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. 1918லேயே தொழிற்சங்கம் கண்ட பெரம்பூரில், நம் வீட்டுக்குள் வேலை செய்பவரின் விடுமுறைச் சம்பளம் இன்றும் நம் மனத்தைப் பொறுத்ததாகவே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஏப்ரல் சம்பளத்தைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடட்டும்; மே மாதத்துக்கானது வழக்கமான தேதியில் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகட்டும், கணவரின் கைபேசி எண்ணுக்கு வேண்டாம். அதை முன்பணம் என்றோ, தீபாவளி போனஸில் கழித்துக்கொள்ளலாம் என்றோ சொல்லக்கூடாது. திரும்பி வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரச்சொல்லி ஈடுகட்டுவதும் கூடாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டைத் துடைத்து வைக்க வேண்டுமென்றால் அது தனி வேலை, தனிக் கூலி. இன்னொன்றும் உண்டு: அவர் தினமும் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் உன் மகன் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அந்த ஆறு வாரமும் அது அவருடைய வீட்டுச் செலவில் ஏறும். மருமகளுக்கு மனமிருந்தால் ஒரு மூட்டை அரிசியும் எண்ணெயும் வாங்கிக் கொடுக்கச் சொல்.

பயணம் நீண்டால் அந்த வாரங்களுக்கும் இதே கணக்குத்தான் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது. அவர் சொந்தக் காரியமாக எடுக்கும் விடுப்பை இந்த ஆறு வாரத்தில் கழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. ஆடி மாதம் அவர்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றும்போது அவர் இரண்டு நாள் கேட்பார், யாரும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அரிசி மூட்டையைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு எழுது, நான் ஆட்டோ பிடித்து அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி