எல்லோரும் கைதூக்கினாலும் ஒரு ஓட்டு குறையும்

அன்பு கயலுக்கு,

ஆய்வுத் திட்டம் வந்தது. ‘தென்கிழக்கு ஆசியாவில் ஜனநாயகத்தின் பின்னடைவு’ என்று வைத்திருக்கிறாய். 11 நாடு, 10,000 சொல். நாட்டுக்கு ஆயிரம் சொல்கூடத் தேறாது. எம்.ஏ. ஆய்வேடுகள் பல சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆனால் ஏழாம் பக்கத்தில், ராணுவத்துக்கு நாடாளுமன்றத்தில் இடம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் பிடித்துக்கொள்.

மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் போதும். மூன்றிலும் தேர்தலில் நிற்காமலே அவைக்குள் ராணுவத்தின் கை இருந்தது. இந்தோனேசியாவில் மட்டும் அது தன் இடங்களை விட்டுக்கொடுத்தது. ஏன்? உன் கேள்வி அவ்வளவுதான்.

மியான்மரில் தொடங்கு. 2008 அரசமைப்புச் சட்டப்படி இரண்டு அவைக்கும் சேர்த்து 664 இடம். அதில் 166 பேர் ராணுவத் தலைமைத் தளபதி நியமிப்பவர்கள், சரியாகக் கால் பங்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஒருவர் விடாமல் கைதூக்கினாலும் 498தான், தேவை 499. பாதுகாப்பைக் காரணம் காட்டித் தேர்தலே நடத்தாமல் விட்ட தொகுதிகளைக் கழித்தால் அதற்கும் கீழே போகும். ‘ராணுவத்துக்கு 25 சதவீதம்’ என்று நீ எழுதியிருப்பது சரிதான், ஆனால் பூட்டு இருப்பது ‘மேல்’ என்ற சொல்லில். அதனால் விளக்க நூலுக்குப் போகுமுன் சட்டப் பிரிவையே படி.

தாய்லாந்தில் பூட்டு வேறு மாதிரி. 2017 அரசமைப்பின் இடைக்கால ஏற்பாட்டில், ராணுவ ஆட்சி தேர்ந்தெடுத்த 250 செனட்டர்களும் பிரதமர் தேர்வில் வாக்களித்தார்கள். 2023 தேர்தலில் கீழவையின் 500இல் 151 இடம் வென்று முதலில் வந்தது மூவ் ஃபார்வர்டு கட்சி. அதன் அப்போதைய தலைவர் பிதா லிம்ஜாரென்ராத் பிரதமராக இரண்டு அவையும் சேர்ந்த 750இல் 376 தேவை; ஒரு செனட்டர் விலகியதால் வாக்கெடுப்பன்று அது 749இல் 375 ஆனது. ஜூலையில் கிடைத்தது 324. செனட்டில் ஆதரித்தவர்கள் 13 பேர். அந்த அதிகாரம் 2024 மே மாதம் காலாவதியாகிவிட்டது. நீ நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறாய், திருத்து. தாய் ஆவணங்களில் 2560 என்று ஆண்டைப் பார்த்தால் மிரளாதே, புத்த ஆண்டு அது; 543ஐக் கழி.

இந்தோனேசியாதான் கனமான அத்தியாயம், பாதிச் சொற்களை அதற்கே ஒதுக்கு. 500 பேர் அவையில் ராணுவத்துக்கு 100 இடம் இருந்தது. 1997 தேர்தலில் 75, 1999இல் 38, 2004இல் ஒன்றுமில்லை. நீண்டகால அதிபர் சுகார்த்தோ போனதும் ராணுவமும் வெளியேறியது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடாதே. அவர் விலகியது 1998 மே மாதம். நடுவில் ஆறு ஆண்டு, நான்கு அரசமைப்புத் திருத்தம். அதற்குள் ராணுவத்தோடு நடந்த பேரத்தைத்தான் நீ காட்ட வேண்டும். இடங்கள் போனாலும் கிராமம் வரை இறங்கும் ராணுவப் பிராந்தியக் கட்டமைப்பு அப்படியே நின்றது. அதனால் இடங்களை விட்டது மலிவான விட்டுக்கொடுப்பு என்று நீ வாதிடலாம். 2025 மார்ச்சில் ராணுவச் சட்டத்தைத் திருத்தி, பணியில் இருக்கும் அதிகாரிகள் அமரக்கூடிய அரசு அமைப்புகளை 10இலிருந்து 14 ஆக்கினார்களே, அதையும் சேர்.

பழைய பத்திரிகை தேடும்போது ஒன்று கவனி. 1999 ஏப்ரல் வரை ராணுவத்தின் பெயர் ‘ஆப்ரி’, போலீசும் அதற்குள் அடக்கம். பிறகு ‘டி.என்.ஐ.’ ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி வரலாறு சிக்காது. 1972க்கு முந்தைய எழுத்துமுறையில் ‘ஜ’ ஒலிக்கு டி, ஜே என இரண்டெழுத்து. ஜகார்த்தாவையே அப்படித்தான் தேட வேண்டும். இந்தோனேசிய அகராதியும் அடிச்சொல்வழிதான்: ‘மெமிலிஹ்’ என்றால் ‘பிலிஹ்’ஹில் பார், ‘பெனோலாக்கான்’ என்றால் ‘தோலாக்’கில். இப்படிப்பட்ட முன்னொட்டு வந்தால் ‘ப’, ‘த’ போன்ற முதலெழுத்து மறையும். புணர்ச்சி விதி படித்தவளுக்கு இது பெரிய பாடா?

மேற்கோளில் தாய் எழுத்தாளர்களை முதற்பெயரால் வரிசைப்படுத்து. சுகார்த்தோவுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். நம் இனிஷியலை அது படுத்தும் பாடு உனக்குத் தெரியாததா? ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்.

பேட்டி எடுப்பதானால் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில். சுற்றுலா விசாவில் இந்தோனேசியா போய் ஆய்வு செய்யக்கூடாது. ஆய்வு அனுமதி தனி. தாய்லாந்தில் மன்னரைப் பற்றிக் கேள்வியே வேண்டாம். மன்னரை அவமதிப்பது பற்றிய குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை. நீ விமானம் ஏறிவிடுவாய், பதில் சொன்னவர் அங்கேயே இருப்பார். ஒலிப்பதிவுக் கோப்பில் அவர் பெயரை வைக்காதே, எண் போடு.

முதலில் ஒரு பக்க அட்டவணை அனுப்பு: நாடு, மொத்த இடம், நியமன இடம், யார் நியமித்தது, எந்தப் பிரிவு, எப்போது முடிந்தது. கட்டம் எது காலியாக இருக்கிறதோ, அடுத்த வாரம் நூலகத்தில் தேட வேண்டியது அதுதான்.

அம்மா